பாடத்தோடு பாடமாக உள்ளப் பயிற்சி



கோபத்தை அடக்கவும், தோற்றால் தாங்கிக்கொள்ளவும், அடுத்தவர் வருத்தத்தை உணரவும் பிள்ளை எங்கே படிக்கிறது? "அதற்குத்தான் நன்னெறிக் கல்வி இருக்கிறதே" என்பீர்கள். 1983-இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தோடு வந்த பாடம் அது. 1988-இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவமும் அறிவு, ஆன்மிகம், உள்ளம், உடல் நான்கும் ஒருசேர வளரவேண்டும் என்கிறது. ஆனால் பிள்ளைகளின் சண்டை கால அட்டவணை பார்த்து வருவதில்லை. கணக்குப் பாடத்தில் வரும், திடலில் வரும். வந்த இடத்திலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். 17 ரம்புத்தான் பழங்களை 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3, மீதி 2. கணக்கு முடிந்தது. "அந்த இரண்டும் யாருக்கு?" என்று கேட்டால்தான் வகுப்பே விழித்துக்கொள்கிறது! மரம் ஏறியவனுக்கு என்பான் ஒருவன். சின்னத் தம்பிக்கு என்பாள் ஒருத்தி. வெளிக்காட்டிலிருந்து களைத்து வரும் அம்மாவுக்கு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது மட்டும் விதி. ஐந்து நிமிடம் போதும். வகுத்தலும் மறக்காது.

மொழிப் பாடத்தில் இன்னும் வசதி. அடித்த பையனை ஏன் என்று கேட்டால், "கோபம் சார்" என்பான். பொறுமையாக விசாரித்தால், அவன் சட்டை கிழிந்திருந்ததைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது தெரியவரும். அது வெறும் கோபமல்ல, அவமானம். அந்தச் சொல் வாய்க்கு வந்துவிட்டால் கை ஓங்குவது குறைகிறது. இது மேல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம் சொன்னார். அழுகைக்கு அவர் சொன்ன காரணங்களில் பிறரால் இகழப்படுவதும் உண்டு, வறுமையும் உண்டு.

பெற்றோர்களே, நீங்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளை எழும்போது வீட்டில் பேச ஆளில்லை. ஆகவே பெயர் கூப்பிடும்போதே முகத்தைப் பார்ப்பது ஆசிரியர் கடமை. மாலை முறை உங்களுடையது. பிள்ளை முகம் வாடி வந்தால், "யாரு அடிச்சா? நீ என்ன செஞ்சே?" என்று அடுக்காதீர்கள். "என்னய்யா ஆச்சு?" என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சற்று உட்காருங்கள். பெரும்பாலும் தானாகவே சொல்லிவிடும்.