எதை எண்ணுகிறோம்?



செயலியில் புதிய வசதி சேர்ப்போர் மூன்று வேலை செய்கிறார்கள். யாருக்கு என்ன மாற வேண்டும் என்று முதலில் எழுதுகிறார்கள். சிறிய அளவில் செய்து பார்க்கிறார்கள். மாறியதா என்று அளக்கிறார்கள். இதில் கடினமானது அளப்பதுதான்.

யூடியூப் முதலில், காணொலி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை வைத்தே பரிந்துரை செய்தது. தலைப்பைப் பார்த்து ஏமாந்து, உடனே மூடியவரும் கணக்கில் சேர்ந்தார். 2012-இல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தார்கள். பார்வை எண்ணிக்கை உடனே 20 விழுக்காடு குறைந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. பிறகு நேரமும் போதாதென்று, மனநிறைவு கிடைத்ததா எனப் பார்த்தவர்களிடமே கேட்டார்கள்.

நம் வாசிப்பு மூலைக்கு வருவோம். எல்லாக் குழந்தைகளும் புத்தகம் எடுத்ததாகப் பதிவேடு சொல்லும். படித்தவர்கள் எத்தனை பேர்? வரும் திங்கட்கிழமை ஐந்து குழந்தைகளிடம், படித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பதிவேடு நிரம்பியும் கதை வரவில்லையென்றால், குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். புத்தகம் கடினமா, படிக்க நேரம் கொடுத்தோமா என்று பார்ப்போம். மாற்றிச் செய்யும்போது பதிவேட்டில் எண்ணிக்கை குறையலாம். குறையட்டும், கதை சொல்லும் குழந்தைகள் கூடட்டும்.