எடுபட்ட வினாக்குறி



1898 பிப்ரவரி 15 இரவு. கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மேய்ன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பிய கப்பல் தலைவர் சிக்ஸ்பீ, மேலும் தகவல் வரும்வரை மக்கள் முடிவு கட்டாதிருக்க வேண்டுமெனத் தந்தி அனுப்பினார்.

நியூயார்க் ஏடுகள் பொறுக்கவில்லை. பிப்ரவரி 17 அன்று புலிட்சரின் 'வேர்ல்டு', குண்டா டார்பிடோவா என வினாக்குறியோடு தலைப்பிட்டது. ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' ஏட்டுக்கோ அந்த வினாக்குறியும் வேண்டியிருக்கவில்லை. பகைவன் செயலே என முழங்கிற்று. குற்றவாளியைக் காட்டுவோர்க்கு 50,000 டாலர் பரிசும் அறிவித்தது.

மார்ச்சில் கடற்படை விசாரணை மன்றம், கண்ணிவெடியே காரணம் என்றது; வைத்தவர் யாரென அதனால் கூற இயலவில்லை. ஏடு படித்தவர்க்கோ விடை முன்பே தெரிந்திருந்தது! மேய்ன், ஸ்பெயின் என்னும் இரு பெயர்களும் இயைபாய் அமைய, பழிவாங்கும் முழக்கமொன்று நாடெங்கும் ஒலித்தது. ஏப்ரலில் போர் மூண்டது. 1976-இல் வெளிவந்த அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வோ, நிலக்கரி அறையில் பற்றிய தீயே வெடிமருந்தை எட்டியிருக்கக்கூடும் என்றது.

ஏடுகளே போரை மூட்டின என்பது மிகை. 1895 முதல் நடந்த கியூப விடுதலைப் போரும், வாணிக நலனும், அரசியலும் உடன் இருந்தன. எனினும், ஐயம் நிற்க வேண்டிய இடத்தை ஏடுகள் அடைத்துவிட்டன.

அம்முழக்கத்தை நாவில் நிறுத்தியது சான்று அன்று, இயைபு. ஓசை பொருந்தவே உண்மையும் பொருந்தியதாய்த் தோன்றிற்று. ஓசையின் ஆற்றலை நன்கறிந்தவர் கவிஞர். எனவே, அயல்நாட்டுப் போரைப் பாடப் புகுமுன், செய்தியில் வினாக்குறி எங்கே இருந்தது, அதை எடுத்தவர் யார் எனத் தேடும் கடனும் அவர்க்கே மிகுதி.