வாசம் எப்படித் தெரிகிறது?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பெக்டரிப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீங்க, இது கொழுந்து வாடுற மணம், இது தூள் காய்கிற மணம் என்று. டீமேக்கரும் மூக்கை வைத்துத்தானே பதம் பார்க்கிறார். இந்த வித்தை மூக்குக்கு எப்படி வந்தது?

மணம் என்பது காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள். மூக்கின் உட்கூரையில் லட்சக்கணக்கான நரம்புக் கலங்கள் உண்டு. அவற்றின் நுனி இழைகளில் 'வாங்கி' என்ற புரதங்கள் இருக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோலத் துணிக்கை அதில் பொருந்தினால், வாங்கி கலத்துக்குள்ளே இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பும். உடனே கலத்தின் சிறு வாசல்கள் திறந்து, மின்செய்தி மூளைக்கு ஓடும்.

இந்த வாங்கிகளைச் செய்யும் மரபணுக்களை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் வாங்கி மரபணுக்கள் ஏறக்குறைய 400. ஒரு கலம் அதில் ஒன்றையே தெரிந்தெடுத்து, ஒரே வகை வாங்கியைச் செய்கிறது.

400 வாங்கியால் ஆயிரமாயிரம் மணம் எப்படித் தெரியும்? தமிழிலே எழுத்து 247தான், ஆனால் சொற்களுக்குக் கணக்கு உண்டா? அதுபோல ஒரு மணம் பல வாங்கிகளைச் சேர்த்துத் தட்டுகிறது. அந்தக் கூட்டை மூளை வாசிக்கிறது. ரோஜாவில் உள்ள ஜெரானியோல் நம்ம தேயிலையிலும் உண்டு. நல்ல தேயிலையில் பூ வாசம் வருவது அதனாலும்தான்.

இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கொத்தமல்லி இலை சிலருக்குச் சவர்க்காரம்போல மணப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ முக்கியமான விசயம். 2020இல் கொரோனா வந்தபோது பலருக்கு வாசம் போனது. கிருமி பெரும்பாலும் தாக்கியது நரம்புக் கலங்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் கலங்களை. அதனால்தான் பெரும்பாலானோருக்கு வாசம் திரும்பியது. சிலருக்கு இன்னும் சரியாகவில்லை. வெட்கப்பட்டு மறைக்காதீங்க. சமையல் காஸுக்குத் தானாகப் பெரிய மணம் இல்லை; கசிந்தால் தெரியட்டும் என்றே கெட்ட வாடை கலக்கிறார்கள். அது தெரியாதவர் தனியாக அடுப்பு மூட்டுவது ஆபத்து. வீட்டாருக்குச் சொல்லி வையுங்க. திடீரென்று வாசம் போனால் வைத்தியரிடம் காட்டுங்க.

மூக்குக் கலங்கள் புதிதாக முளைக்கக் கூடியவை. 2009இல் ஜெர்மனியில் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் நான்கையும் காலை, மாலை முகர வேண்டும், 12 வாரம். பலருக்குக் குணம் தெரிந்தது, எல்லாருக்கும் அல்ல. பொறுமைதான் மருந்து.

கொழுந்து பறிக்கிற கையைக் காப்பதுபோல மூக்கையும் காத்துக்கொள்ளுங்க.