பேசுவது யார்?



பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் ஆங்கில இலக்கியமா என்று முன்வரிசைப் பெரியவர்கள் முறைக்க வேண்டாம். சுற்றிக்கொண்டு தமிழுக்குத்தான் வருவேன்.

ஆங்கில பி.ஏ. சேரும் பிள்ளைகளிடம் முதல் பருவத்திலேயே ஒரு கலைச்சொல் பட்டியலைக் கொடுத்து உருப்போட வைக்கிறோம். ஐரனி, மெட்டஃபர், டிரமாட்டிக் மோனோலாக்... வரையறை கேட்டால் ஒப்பிப்பார்கள். கவிதையை நீட்டினால் விழிப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரே கேள்வியில் தொடங்கலாம்: இந்தக் கவிதையில் பேசுவது யார்?

ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' இருக்கிறதே, அதில் பேசுபவன் ஒரு பிரபு. செத்துப்போன மனைவியின் படத்தைக் காட்டிப் பேசுகிறான். யாரிடம்? அடுத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்த தூதனிடம்! பெருமையடிக்கப் போய்த் தன் கொடூரத்தைத் தானே கக்கிவிடுகிறான். பிரௌனிங் தன் குரலில் ஒரு சொல் பேசுவதில்லை.

நமக்கு இது புதிதா ஐயா? குறுந்தொகையில் பாட்டுக்குப் பாட்டு தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு இருக்கிறது. சங்கப் புலவர்கள் ஒரு படி மேலேயும் போகிறார்கள். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி தலைவியிடம் சொல்வதுபோல் அவன் காதில் விழும்படி சொல்கிறாள். சிறைப்புறம் என்பார்கள். கேட்பவர் ஒருவர், கேட்க வேண்டியவர் வேறொருவர்! கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த தாய்மார்களுக்கு இந்த உத்தியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலக் கவிதையையும் சங்கக் கவிதையையும் சேர்த்துப் பார்த்தவர் பக்கத்து மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன். வீட்டு மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே தமிழ், தெருவில் கன்னடம். மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார், பழந்தமிழ் படித்ததில்லை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடப்போனவர் கையில், உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை சிக்கியது. 1967இல் அவருடைய குறுந்தொகை ஆங்கில மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வந்தது. அதில் கவிதைகளின் தலைப்பே அவள் சொன்னது, தோழி சொன்னது என்றுதான் இருக்கும்.

இங்கே கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அடுத்த பருவத்தில் பிரௌனிங்கையும் குறுந்தொகையையும் ஒரே வகுப்பில் வையுங்கள். கன்னடப் பிள்ளைகளுக்காகப் பசவண்ணரின் வசனம் என்னும் பக்திக் கவிதை ஒன்றும் சேரட்டும். தம் தெய்வமான கூடலசங்கமதேவனை நேரே விளிக்கும் அந்தக் குரல் பசவண்ணருடையதேதானா, அதுவும் ஒரு கூற்றுதானா என்று மணி அடிக்கும்வரை அவர்கள் சண்டை போடட்டும்.