கள்ளக்கவியும் கள்ளக் கட்டுரையும்



பிறர் பாட்டைத் தம் பாட்டென்று அவையில் சொல்வோரைப் பாட்டியல் நூலார் 'கள்ளக்கவி' என்றனர். தனிப்பெயர் சூட்டி ஒதுக்கும் அளவுக்கு அத்தகையோர் அன்றே மலிந்திருந்தனர் போலும்! ஆயினும் முன்னோர் நூலை எடுத்தாளுவதே குற்றம் என்று தமிழ் மரபு கருதியதில்லை. தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்கு இடந்தந்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு நெறிகளையும் வகுத்தது. வழிநூல் தன் முதல்நூலை மறைப்பதில்லை. மறைத்தால் அது களவு.

இக்களவு அறிவியல் ஆய்வில் புகுந்தால் என்னாகும்? அத்திப்பட்டிற்கு நெடுந்தொலைவில் இல்லாத திருப்பதியே அதற்குச் சான்று. அங்குள்ள வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பி. சிரஞ்சீவி, 2004 முதல் 2007 வரை அயல்நாட்டு ஆய்விதழ்களில் வெளியிட்ட கட்டுரைகளுள் 70க்கும் மேற்பட்டவை களவு அல்லது புனைவு என்னும் குற்றச்சாட்டை, அமெரிக்க வேதியியல் கழகத்தின் செய்தியிதழ் 2008இல் பல்கலைக்கழக ஆவணங்களைக் காட்டி வெளியிட்டது. களவைக் கண்டு குரலெழுப்பியோருள் டெக்சாசில் பணியாற்றிய பூர்ணேந்து தாஸ்குப்தா ஒருவர். கட்டுரைகளில் பேசப்பட்ட கருவிகள் சில அப்பல்கலைக்கழகத்தில் இல்லவே இல்லை என்பதும் அப்போது வெளிவந்தது.

கருவி இல்லையெனில் அளவையும் இல்லை. கவிக்களவினின்று இது வேறுபடும் இடம் இதுவே. திருடப்பட்ட பாட்டு பாட்டாகவே இருக்கிறது. அதன் சுவை குன்றுவதில்லை. பாடியவன் பெயர்தான் போகிறது. திருடப்பட்ட ஆய்விலோ, அளக்கப்படாத ஒன்று அளக்கப்பட்டதாக உலகிற்குச் சொல்லப்படுகிறது.

இதன் பொருள் அத்திப்பட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும். வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. அதன் சாம்பற் குழம்பு குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பற் குளத்திற்குச் செல்கிறது. குழாய் உடைந்து கொசத்தலையாற்றில் அது கலந்ததும் உண்டு. வலையில் ஒட்டிய சாம்பலை மீனவர் கண் காணும். இறாலுக்குள் ஏறிய உலோகத்தைக் காணாது. அதைச் சொல்ல ஆய்வகம் ஒன்றே வழி. அவ்வாய்வாளர் வேறோர் ஆற்றின் அட்டவணையை எடுத்து ஊர்ப்பெயரை மாற்றி அச்சேற்றினால், கழியில் இறங்கி இறால் பிடிப்பவர் யாரை நம்புவது?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காட்டிற்குள் இருந்தால் தண்டனையில்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வு மாணவரின் பதிவே நீங்கும். நல்லதே. ஆனால் கணினி எண்ணுவது சொற்களை. சொல்லை மாற்றி எழுதத் தெரிந்தவர் அவ்வலையில் எளிதில் சிக்கார். கருவி காணாத எண்ணோ சிக்கவே சிக்காது. (சொல் மாற்றும் கலையில் நம் கவிஞர் சிலரும் வல்லவரே!)

நீர் எடுத்த நாள், எடுத்த இடம், அளந்த கருவி, ஆய்வகக் குறிப்பேட்டின் மூலப்படி ஆகியவற்றைக் கட்டுரையோடு வைக்கும்படி கேட்க, கொசத்தலைக் கரையில் வாழ்வோர்க்கு உரிமை உண்டு. ஆற்றைப் பாடும் இவ்வட்டத்துக் கவிஞர்கள் அக்கேள்வியை முதலில் எழுப்பலாம்.