ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில்

இன்னைக்கு நாம பேசப்போறது ஜெப வாழ்க்கை பற்றி. குறிப்பா, ஜெபிக்கவே வராத நாட்களைப் பற்றி.

ஜெபம் பண்ண உட்காருறோம். ரெண்டு நிமிஷத்துல சொல்ல வேண்டியது எல்லாம் தீர்ந்துடுது. அப்புறம் மனசு ஆபீஸ் மெயிலுக்கும் இஎம்ஐக்கும் போயிடுது. இப்படியே சில வாரம் போனா, "எனக்கு ஜெபம் பண்ற வரம் இல்லைபோல"ன்னு நாமே முடிவு பண்ணி நிறுத்திடுறோம். அந்த முடிவு சரிதானா?

லூக்கா 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்க. ஜெபம் பண்ணக் கற்றுத் தரச் சொல்லி சீஷர்களில் ஒருவர் இயேசுவிடம் கேட்கிறார். இவங்க சின்ன வயசிலிருந்தே ஜெப ஆலயத்துக்குப் போய் வளர்ந்த யூதர்கள். அவங்களே கேட்டாங்கன்னா, நமக்குத் தெரியலைன்னு சொல்றதுல வெட்கம் எதுவும் இல்லை. ஜெபம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. எப்படிக் கற்றுக்கொள்வது? மூணு விஷயம் சொல்றேன்.

முதலாவது, நேரம். தானியேல் 6-ஆம் அதிகாரத்தில், 30 நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் வருது. மீறினா சிங்கக் கெபி. அது தெரிஞ்சும் தானியேல் வீட்டுக்குப் போய், வழக்கம்போல தினமும் மூணு வேளை முழங்காற்படியிட்டார். "வழக்கம்போல" என்பதுதான் முக்கியம். ஆபத்து வந்த அன்னைக்கு அவர் புதுசா எதையும் ஆரம்பிக்கல. நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்கு அதிகாலை ஜெபம் சரிவராது, பரவாயில்லை. வேலை முடிஞ்சு வந்து குளிச்ச பிறகு பத்து நிமிஷம்னு வச்சுக்கோங்க. ஃபோன் அடுத்த ரூம்ல இருக்கட்டும். மூட் இருக்கோ இல்லையோ, அந்த நேரத்துல உட்காருங்க.

இரண்டாவது, இரவல் வார்த்தைகள். சொந்த வார்த்தையில ஜெபிச்சாதான் உண்மையான ஜெபம்னு நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சிலுவையில் இயேசுவே 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கதறிச் சொன்னார். கடைசி மூச்சிலும் 31-ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளையே எடுத்துக்கொண்டார். மொத்தம் 150 சங்கீதங்கள். நாளைக்கு ஒண்ணு வாசிச்சா ஐந்து மாதத்துக்கு வரும். சத்தமா வாசிங்க. எந்த வரி உங்களைப் பிடிச்சு நிறுத்துதோ, அதுக்குள்ள உங்க இன்டர்வியூவை, அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டை, பேசாம இருக்கிற நண்பனோட பெயரை வையுங்க. அங்கிருந்து உங்க சொந்த ஜெபம் தானா ஆரம்பிக்கும்.

எல்லா சங்கீதமும் துதியில முடியறதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடியுது. ஆறுதலா ஒரு கடைசி வரிகூட இல்லை. ஆனா அதை எழுதினவர் மூணு இடத்தில், தான் இன்னும் தேவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகச் சொல்றார். கோபத்தோடும் கேள்வியோடும் வர்றவங்களுக்கும் வேதத்துல இடம் இருக்கு.

மூன்றாவது, திரும்பச் சொல்றது. கெத்செமனேயில் இயேசு மூணாவது தடவையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26 சொல்கிறது. நேத்து கேட்டதையே இன்னைக்கும் கேட்கிறோமேன்னு கூச்சப்படாதீங்க.

இப்போ கஷ்டமான கேள்விக்கு வருவோம். பலனுள்ள ஜெபம்னா, கேட்டது கிடைக்கிறதா? கெத்செமனேயில் அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. இயேசு கேட்டும் நீங்கவில்லை. ஆனா அவரைப் பலப்படுத்த ஒரு தூதன் வந்ததாக லூக்கா எழுதுகிறார். வியாகுலத்தோடு தோட்டத்துக்குள்ள போனவர், பிடிக்க வந்தவங்களைத் தாமே எதிர்கொண்டார். தூங்கிட்டிருந்த சீஷர்களோ சிதறி ஓடிட்டாங்க. வேலை கிடைக்கணும், அம்மாவுக்குச் சுகம் வேணும்னு தாராளமா கேளுங்க. பதில் தாமதமானாலும், வேற மாதிரி வந்தாலும், அதைத் தாங்கி நிற்கிற பலமும் ஜெபத்தின் பலன்தான்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. ஒரு நேரம் குறிச்சுக்கோங்க. 13-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்க, ஆறே வசனம்தான். வாசிச்சு முடிச்சு, மூணு பேருக்காக பெயர் சொல்லி ஜெபிங்க. கர்த்தருடைய ஜெபத்தோடு முடிங்க. ஏழு நாள் செய்ங்க. நடுவுல ஒருநாள் விட்டுப்போனா, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.