அமைதி வேறு, கூச்சம் வேறு

(ஆலயத் திருமுறை வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எங்கள் பிள்ளை தங்கம், இருக்கும் இடமே தெரியாது, வாயே திறக்காது" என்று நம் திரிங்காப் வட்டாரத்திலே பெற்றோர் பலர் பெருமையோடு சொல்வதைக் கேட்கிறோம். சொல்லட்டும். ஆனால் வாய் திறவாத பிள்ளைகளில் இரு வகை உண்டு. ஒரு வகை, பேசத் தேவையில்லை என்று பேசாதிருப்பது. மற்றது, பேச ஆசைப்பட்டும் அஞ்சிப் பேசாதிருப்பது. முன்னது இயல்பு, பின்னது வேதனை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமையை அறத்துப்பாலில் 13-ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையைப் பொருட்பாலில் 73-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அடக்கத்தைக் காக்கச் சொன்னவரே அவை அச்சத்தை நீக்கவும் சொன்னார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கூச்சத்திற்கு அண்ணல் காந்தியடிகளின் இளமையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்றவர், அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். கூட்டந்தோறும் போவார், ஊமையாய் உட்கார்ந்திருப்பார். முக்கியமான விவகாரம் ஒன்றில் தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போயும், எழுந்து படிக்கத் துணிவில்லாமல் இன்னொருவர் படிக்க நேர்ந்தது. 1891-இல் ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்து வைத்தபோது முதல் வாக்கியத்தோடு பேச்சு நின்றுவிட்டது. பம்பாயில் முதல் வழக்கு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்க எழுந்தவருக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டார், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். இவற்றையெல்லாம் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். அவர் கூட்டத்தை வெறுக்கவில்லை என்பதைப் பாருங்கள். வெறுத்திருந்தால் குழுவில் சேர்ந்திருப்பாரா, விருந்துதான் வைத்திருப்பாரா? 1893-இல் பிரிட்டோரியாவில் நம் இந்திய மக்கள் பட்ட அவதியைக் கண்டபோது கூட்டம் கூட்டிப் பேசினார். பிறர் தம்மை என்ன நினைப்பார்களோ என்பதை விடச் சொல்ல வேண்டிய விஷயம் பெரிதாகிவிட்டது. நா தானே எழுந்தது.

இனி பகவான் ரமணர். மகான்களை வகைப்படுத்த நமக்குத் தகுதியில்லை. வெளியே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மதுரையில் படித்த நாளில் பந்தாட்டமும் நீச்சலுமாக இருந்த பிள்ளை அவர். 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் மௌனம். அந்த மௌனத்தில் அச்சம் இல்லை. பின்னாளில் ஏழை, பண்டிதர், வெள்ளைக்காரர் என்று யார் வந்து கேட்டாலும் கேட்டதற்கு விடை சொன்னார். சொல்லி முடித்ததும் பழையபடி அமைதி. காந்தியடிகளின் இளமை மௌனம் பூட்டிய கதவு. ரமணரின் மௌனம் திறந்தே கிடந்த கதவு.

மேல்நாட்டில் 1921-இல் கார்ல் யுங் என்ற மருத்துவர் மனித இயல்புகளை அகமுகம், புறமுகம் என்று பிரித்து நூல் எழுதினார். 1981-இல் அமெரிக்க உளவியலாளர் சீக், பஸ் இருவரும், கூச்சமும் கூட்டத்தில் நாட்டமின்மையும் ஒன்றல்ல என்று ஆய்ந்து காட்டினார்கள். பழக ஆசையும் கூச்சமும் ஒருசேர உடையவர்களே முன்பின் அறியாதவரோடு பேசும்போது அதிகம் தடுமாறினார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆசிரியர்களுக்கு இது புதுச் செய்தியே அல்ல. கேள்வி கேட்டதும் விடை தெரிந்து உதடு அசையும், கை மட்டும் உயராது. பெயர் சொல்லி அழைத்தால் கண் கலங்கும். அது கூச்சம். இன்னொரு பிள்ளை கையே தூக்காது. அழைத்தால் எழுந்து தெளிவாகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்க்கும். அதை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது!

ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அங்கே மலாய் மொழியில் பேசிப் பிழையாகிவிட்டால் சிரிப்பார்களே என்று வாய் மூடும் பிள்ளையை, "அமைதியான மாணவர்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பாடம் புரியாததை அப்பிள்ளை கேட்கவே கேட்காது. தேர்வு முடிவு வரும்போதுதான் வீட்டிற்குத் தெரியும். ஆகவே இன்றிரவே பிள்ளையைத் தனியாக அழைத்து, "வகுப்பில் ஏதாவது கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தாயா?" என்று மெல்லக் கேளுங்கள். இல்லை என்று நிம்மதியாகச் சொன்னால் சரி. தலை குனிந்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆலயத்திலும் இதே கதைதான். கூச்சமுள்ள பிள்ளையைத் திடீரென்று ஒலிபெருக்கி முன் தள்ளி, "பாடு, பாடு" என்று நாலு பேர் கைதட்டினால், அடுத்த வெள்ளிக்கிழமை அது கோயிலுக்கே வராது. பத்துப் பேரோடு சேர்ந்து பாடட்டும், பிறகு மூவராக, பிறகு ஒரு பதிகத்தின் முதலடியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கட்டும். அமைதி விரும்பும் பிள்ளைக்கோ மாலை கட்டவும், விளக்குத் துடைக்கவும், அன்னதானக் காய்கறி நறுக்கவும் இடம் கொடுங்கள். மேடை ஏறவில்லை என்பதற்காக அதற்குப் பக்தி குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். பெரியவர்களிலும் இரு வகையும் உண்டு. கூட்டத்தில் பேசாத உபயகாரரிடம் கூட்டம் கலைந்தபின் தனியே கேட்டால், நல்ல யோசனை பல கிடைக்கிறது.

வரும் திருமுறை வகுப்பில் முதல் மூன்று மாதம் கூட்டுப் பாடல் மட்டுமே. தனியாகப் பாட விரும்பும் பிள்ளைகள் தாமாகவே ஆசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். பெற்றோர் பெயர் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.